மன்றாட்டின் இலக்கணம்

1

தமிழில் வாரந்தோறும் புதிதாக எழுதப்பட்டு, எழுதியவர் பெயரில்லாமல், சில நூறு பேர் முன்னால் உரக்க வாசிக்கப்பட்டு, அன்றைக்கே மறக்கப்பட்டுவிடுகிற உரைநடை ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவக் கோவில்களில் ஞாயிறு வழிபாட்டின் நடுவே சொல்லப்படும் பொது மன்றாட்டைச் சொல்கிறேன். கிறிஸ்தவத் தமிழ் என்றதும் நம் விமர்சகர்கள் தேம்பாவணியில் தொடங்கி, வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ண பிள்ளை என்று வந்து, கீர்த்தனைகளில் நின்றுகொள்கிறார்கள். மன்றாட்டை ஓர் எழுத்து வடிவமாக வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் இல்லை. அது வழிபாட்டுச் சாமான்களோடு சேர்ந்தது, மெழுகுவர்த்தி மாதிரி, என்ற நினைப்பு.

நம்பிக்கை உண்டா இல்லையா, மேலே கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்விகளை இங்கே விலக்கிவிடுகிறேன். அவை முக்கியமில்லை என்பதால் அல்ல. அவற்றைத் தீர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்றால் யாரும் எதையும் பேச முடியாது. என் கேள்வி வேறு. ஒரு கூட்டம், தனக்கு வெளியே இருக்கிற ஒருவனுடைய துன்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும்போது அந்த வாக்கியம் என்ன செய்கிறது? இது கவிதையின் கேள்வியும்தான்.

கம்பம் பள்ளத்தாக்கை என் பிரதேசமாக வைத்துக்கொள்கிறேன். அனுமந்தன்பட்டியும் ராயப்பன்பட்டியும் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாக இருக்கும் ஊர்கள். 1834-ல் மதுரைக்கு வந்து, பிறகு பெரியகுளத்திலும் நிலையம் வைத்த அமெரிக்க மிஷனின் வாரிசாக இன்று தென்னிந்தியத் திருச்சபை இருக்கிறது. இவை போக, ஓட்டு வீட்டின் முன்னறையில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகள். ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் மூன்று வகை மன்றாட்டையும் கேட்டுவிடலாம்.

கத்தோலிக்கப் பூசையில் இது பழைய வழக்கம் போல் தோன்றினாலும் இன்றைய உருவம் புதியது. நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்ததை 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம் மீட்டுக்கொடுத்தது. முதலில் திருச்சபை, பிறகு ஆள்வோரும் உலகமும், பிறகு துன்பப்படுகிறவர்கள், கடைசியில் உள்ளூர்ச் சமூகம் என்று ஒரு வரிசை. வாக்கியங்களை அந்தந்தக் கோவிலே எழுதிக்கொள்ளலாம். வாசிப்பது பெரும்பாலும் சாமியார் அல்ல. ஒரு டீச்சர், ஒரு பையன், அன்பியக் குழுவிலிருந்து ஓர் அம்மாள். தென்னிந்தியத் திருச்சபையில், 1947-ல் சபைகள் இணைந்த பிறகு, புதிதாக அமைத்த திருவிருந்து ஆராதனை முறை 1950-ல் மதுரையில் நடந்த ஸினாட் கூட்டத்தில் முதலில் பயன்பட்டது. அப்போது மதுரைப் பேராயர் லெஸ்லி நியூபிகின். அந்த முறையில் குருவானவர் சொல்ல, சபை இடையிடையே பதில் சொல்லும் மன்றாட்டுகள் உண்டு. பெந்தெகொஸ்தே சபையில் தாள் கிடையாது. எழுந்து நின்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியதுதான்.

2

சொற்களிலிருந்து தொடங்குவது நல்லது. இந்தக் காரியத்துக்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. அவை ஒரே பொருளைத் தருவன அல்ல.

‘விண்ணப்பம்’ தாலுகா ஆபீஸ் சொல். கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் எழுதித் தருவது. அதில் கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறது. ‘பரிந்து பேசுதல்’ வேறு. அதில் பரிவு இருக்கிறது, ஆனால் பரிந்து பேசுகிறவனுக்குச் செல்வாக்கும் இருக்கிறது. செல்வாக்கு இல்லாதவன் பரிந்து பேசிப் பயன் என்ன? ‘மன்றாட்டு’ என்ற சொல்லில்தான் இடம் தெரிகிறது. மன்றத்தில் வழக்காடுவது. ஊர் கூடியிருக்கிற பொது வெளியில், எல்லோர் காதும் கேட்க முறையிடுவது. கெஞ்சுதல் என்ற பொருள் இன்று மேலோங்கிவிட்டது என்றாலும், வாதாடுதல் என்ற பொருள் அகராதியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘மன்றாடி’ என்ற சொல் இடையனைக் குறிக்கிறது: கோவில் விளக்குக்காக விட்ட ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நெய் அளக்கக் கடன்பட்டவன். இந்த இரண்டு மன்றாடிகளுக்கும் வேர் ஒன்றுதானா என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் மந்தைக்குப் பொறுப்பேற்றவன், மன்றத்தில் வாதாடுகிறவன் என்ற இரண்டு பொருளும் ஒரே உடம்பில் வந்து உட்கார்ந்திருப்பது இந்தச் சொல்லின் பாக்கியம்.

மன்றாட்டு கெஞ்சலாக மட்டும் சுருங்கும்போது சுருங்குவது பக்தி அல்ல, வழக்கு. வழக்கு என்றால் பிரதி இருக்க வேண்டும். யாரால் இந்தத் துன்பம் வந்தது என்பது சொல்லப்பட்டாக வேண்டும். நான் கேட்ட மன்றாட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கின்றன. ‘துன்புறுவோர்’ என்பது அவற்றின் பிரியமான சொல். இலக்கணம் பார்த்தால், இது வினை செய்தவனை வெளியே நிறுத்திவிட்ட பெயர். துன்பம் வெயில் மாதிரி தானாக வந்து விழுகிறது. ‘கூலி கிடைக்காதவர்கள்’ என்றால் கொடுக்காதவன் ஒருவன் உண்டு. ‘ஏழை எளியோர்’ என்றால் யாரும் இல்லை. மோனை மட்டும் இருக்கிறது.

3

இனி ‘எங்கள்’. ஆங்கிலத்திலோ லத்தீனிலோ மன்றாடுகிறவனுக்கு இல்லாத ஒரு நெருக்கடி தமிழில் மன்றாடுகிறவனுக்கு உண்டு. ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவனைச் சேர்த்துக்கொள்வது நாம். கேட்பவனை நீக்கிச் சொல்வது நாங்கள். கடவுளை நோக்கிச் சொல்லும்போது ‘எங்கள்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தமிழாக்கியவர்கள் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மன்றாட்டுக்கு அழைக்கும்போது, வாசிக்கிறவர் சபையின் பக்கம் முகம் வைத்து ‘மன்றாடுவோமாக’ என்கிறார், அது நாம். அரை நிமிஷத்துக்குள் முகம் திரும்பி ‘எங்கள்’ ஆகிறது. ஒரே மன்றாட்டில் இரண்டு கூட்டங்கள் உருவாகிக் கலைகின்றன. இந்தத் திருப்பத்தைக் கவனித்து வாசிக்கிறவர்கள் குறைவு. வாசிக்கிறவர் கவனிக்காதபோது குரலிலேயே அது தெரிந்துவிடுகிறது: கடவுளிடம் பேசுவது போல் தொடங்கி, சபைக்குப் புத்தி சொல்வதில் முடிகிறது.

அதைவிடத் தீவிரமானது மூன்றாமிடத்தின் விஷயம். துன்பப்படுகிறவர் எப்போதும் ‘அவர்கள்’. கோவிலுக்கு வெளியே, எங்கேயோ. பள்ளத்தாக்கின் ஞாயிற்றுக்கிழமையை யோசித்துப் பாருங்கள். பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள். மைக்கின் முன்னால் நிற்கிறவர் ‘கூலித் தொழிலாளர்களுக்காக’ என்று வாசிக்கும்போது, அந்தக் கூலித் தொழிலாளி தன்னைப் பற்றி மூன்றாமிடத்தில் சொல்லக் கேட்டு, தானும் பதில் சொல்கிறாள். தனக்காகத் தான் பரிந்து பேசுகிறாள், வேறு யாரோ என்ற பாவனையில். இதைப் பாசாங்கு என்று நான் சொல்லவில்லை. அவளிடமிருந்து ‘எங்கள்’ பறிக்கப்பட்டிருக்கிறது என்கிறேன். பறித்தது கெட்ட எண்ணம் அல்ல, வாக்கிய அமைப்பு.

4

யாருக்காக மன்றாடுவது என்ற பட்டியலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அது முழுக்கச் சுத்தமான சரித்திரம் அல்ல.

முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் முடிவுப் பகுதியில் ஒரு பொது மன்றாட்டு இருக்கிறது. சிறைப்பட்டவர், பசித்தவர், தளர்ந்தவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு, ஆள்வோருக்கும் உண்டு. அந்த ஆள்வோரின் கையில்தான் சபையின் உயிர் இருந்தது. ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து, 1544-ல், கிரான்மர் அமைத்த லித்தானியா வருகிறது. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வந்த முதல் வழிபாட்டு வாசகம் அதுதான். எட்டாம் ஹென்றி பிரான்ஸ் மேல் படையெடுக்கத் தயாரான சமயத்தில், பவனிகளில் சொல்வதற்காக உண்டானது. பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் யூதர்களைப் பற்றி நூற்றாண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்த இழிசொல் 1959-ல், இருபத்துமூன்றாம் ஜான் பாப்பரசரால்தான் நீக்கப்பட்டது. ஐரோப்பாவில் அந்த ஜனங்களுக்கு நேர்ந்ததெல்லாம் நேர்ந்த பிறகு. ஒருவனுக்காக மன்றாடிக்கொண்டே அவனை அவமதிக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் தேசத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. ஜனவரி மாதத்தில் உலகமெங்கும் புராட்டஸ்டண்ட் சபைகள் அனுசரித்துவந்த ஜெபவாரம் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறக்கவில்லை. 1858-ல் லூதியானாவில் கூடிய அமெரிக்கப் பிரஸ்பிடேரியன் மிஷன் விடுத்த அழைப்பு அது. 1860 ஜனவரியில் முதல் வாரம் நடந்தது. 1857 கிளர்ச்சியில் அதே சபையின் பதேகர் மிஷனரிகள் கான்பூரில் கொல்லப்பட்டிருந்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய கம்பெனிப் படை தூக்கிலிட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த அழைப்பு எந்த இரத்தத்தின் ஈரம் காயுமுன் வந்தது என்று யோசிக்காமல் அதன் ‘உலகம் முழுவதும்’ என்ற பதத்தை நான் வாசிக்க முடியாது.

இது கிறிஸ்தவத்தின் குற்றம் மட்டும்தான் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். தேனி வழியாகக் கீழே இறங்குகிற இதே வைகை மதுரையைத் தாண்டுமுன் திருவேடகத்தைத் தொடுகிறது. உலகத்தார் எல்லோரும் துயர் தீர வேண்டும் என்ற விசாலமான வாழ்த்தோடு தொடங்கும் சம்பந்தரின் திருப்பாசுரம், புனல் வாதத்தில் ஏடாக வைகையில் விடப்பட்டு எதிரேறியது என்பது ஐதிகம். சேக்கிழார் சொல்லும் கதைப்படி அந்த வாதத்தின் முடிவில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள். வரலாற்றில் அது நடந்ததோ இல்லையோ, கதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூசவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால், எந்தச் சமயக் கோவிலும் இல்லாமல், தமிழில் இந்த வடிவம் ஒருமுறை முழுமையாக வந்திருக்கிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்து, ஓரம்போகியாரின் வேட்கைப் பத்து. தலைவி நெல் பொலிய வேண்டும், பால் பெருக வேண்டும், பசி நீங்க வேண்டும், பகை தணிய வேண்டும் என்று நாட்டுக்காக வேண்டுகிறாள். தோழியர் அதே மூச்சில் அவளுக்காக, அவள் தலைவனைப் பற்றி வேண்டிக்கொண்டார்கள். பரத்தையிடம் போய்விட்ட கணவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்காக வேண்டுகிறவள் ஒரு பக்கம். அவள் சொல்லாததைச் சொல்கிற கூட்டம் இன்னொரு பக்கம். துன்பப்படுகிறவளே மற்றவர்களுக்காக வேண்டுகிறாள், அவளுக்காக வேறு குரல் வேண்டுகிறது. பொது, தனி என்ற இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரு செய்யுளுக்குள் நிற்கின்றன. நம் கோவில் மன்றாட்டு இழந்துவிட்ட அமைப்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வேதநாயகம் பிள்ளையையும் இங்கே சொல்ல வேண்டும். மாயூரத்து முன்சீபாக இருந்த கத்தோலிக்கர். தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை ஜனங்களை வாரிக்கொண்டு போனபோது, பஞ்சம் தீர வேண்டிக் கீர்த்தனை பாடினார், கஞ்சித்தொட்டியும் வைத்தார். 1878-ல் வந்த தம் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் சர்வ சமய சமரசக் கீர்த்தனை. பஞ்சத்தின் பெயரை நேராகச் சொன்னார். கடவுளின் சமயப் பெயரை நீக்கினார். நம் மன்றாட்டுகள் இதற்கு நேர் தலைகீழ்.

5

மன்றாட்டுக்குச் சோதனை எங்கே வரும்? யாருக்கும் நஷ்டமில்லாத காரியங்களில் வராது. உலக சமாதானத்துக்காக வேண்டிக்கொள்வதில் யாருக்கும் சிரமமில்லை. என் வயலின் தண்ணீரும் அடுத்தவன் வீட்டின் பயமும் ஒரே அணையில் தேங்கி நிற்கும்போதுதான் ‘எங்கள்’ என்ற சொல்லின் எலும்பு தெரிகிறது.

பள்ளத்தாக்குக்கு அப்படி ஓர் அணை இருக்கிறது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை. அதன் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். மேற்கே இறங்கும் ஆற்றைக் கிழக்கே திருப்பியதால்தான் இந்தப் பள்ளத்தாக்கு இன்றைக்கு இருக்கிற பள்ளத்தாக்கு. அணைக்குக் கீழே அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு, அதற்கும் கீழே இடுக்கி. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டு, அணை உடையும் என்ற பயம் கேரளம் முழுக்கப் பரவியது. இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் தாண்டிக் குமுளியை நோக்கி நடந்தார்கள். தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகள் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். அந்தப் பக்கமும் கோவில்கள், இந்தப் பக்கமும் கோவில்கள். மலையின் இரண்டு சரிவிலும் ஒரே விசுவாசப் பிரமாணம் சொல்லப்படுகிறது. 2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றத்துக்கு அடி போதும். மன்றாட்டுக்குப் போதாது.

அந்த டிசம்பரில் பள்ளத்தாக்கில் மூன்று கோவில்களில் மன்றாட்டைக் கேட்டேன். ஒன்றில் அணையைப் பற்றிப் பேச்சே இல்லை. வழக்கமான நான்கு மன்றாட்டுகள், அச்சடித்த மாதிரி. இன்னொன்றில் பிரச்சினை சுமுகமாகத் தீர வேண்டும் என்றார்கள். சுமுகம் என்பது யாருடைய முகம் என்று தெரியவில்லை. மூன்றாவது, ஒரு வீட்டு முன்னறைச் சபை. ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்துவிட்ட நடுவயதுப் பெண் எழுந்து நின்றாள். வண்டிப்பெரியாத்துல மொதலாளியம்மா ராவுல பயமில்லாமத் தூங்கணும், இங்க நம்ம வயலுக்கும் தண்ணி வரணும், எனக்கு நின்னுபோன மூணு வாரக் கூலியும் வரணும், ஆண்டவரே என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

இதை நான் நாட்டுப்புறத்து எளிமை என்று மெச்சுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். மூன்று விருப்பங்கள். அவற்றில் முதலாவதும் இரண்டாவதும் அன்றைய அரசியலில் ஒன்றுக்கொன்று எதிரி. மூன்றாவது, முதலாவதில் யாருக்காக வேண்டினாளோ அவள் வீட்டிலிருந்தே வர வேண்டிய பாக்கி. அதாவது அவள் தன் பிரதிவாதியின் தூக்கத்துக்காக மன்றாடிவிட்டு, அதே மன்றத்தில் அவள் மேல் வழக்கும் தொடுக்கிறாள். கெஞ்சலும் வாதமும் பிரியவில்லை. இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது ‘உம்’ என்ற இடைச்சொல் ஒன்றுதான். ‘ஆனால்’ இல்லை, ‘ஆகையால்’ இல்லை. கடவுளிடம் பேசுகிறபோது ‘நம்ம வயல்’ என்று நாம்-ஐப் போட்டிருக்கிறாள். இலக்கணப்படி பிழை. கடவுளையும் ஆயக்கட்டில் சேர்த்துவிட்டாள்.

6

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. பொது மன்றாட்டு பொதுவாகத்தான் இருக்க முடியும். கூடியிருப்பவர்களில் தோட்ட முதலாளியும் இருக்கிறான், கூலியும் இருக்கிறாள். எல்லோரும் ஒரே வாயாக ஆமென் சொல்ல வேண்டுமானால் பெயரையும் காரணத்தையும் உதிர்த்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மன்றாட்டு கட்சிக் கூட்டத் தீர்மானமாகிவிடும். பெயர் சொல்லி மன்றாடுவதில் வதந்தியும் பழிவாங்கலும் புகுந்துவிடும் என்பதும் உண்மைதான். வீட்டுச் சபைகளில், மருமகளைத் திருத்தும்படி மாமியார் உரக்க மன்றாடுவதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

என் பதில் இரண்டு. ஒன்று: பொதுமை என்பது பெயர்களை நீக்கியதால் வருவதல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர். பெரும்பாலோர் தமிழர்கள், இந்தப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மேலேறியவர்களின் பிள்ளைகள். ‘இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்காக’ என்று சொன்னால் லயம் என்ற ஓரறை வரிசையும், அது ஏன் அந்தச் சரிவில் இருந்தது என்பதும் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகின்றன. ‘பெட்டிமுடி லயத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்றால், யாரையும் குற்றம் சாட்டாமலே எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. முதலாளியும் இதற்கு ஆமென் சொல்லலாம். சொன்ன பிறகு அவன் கொஞ்சம் அசௌகரியமாக உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு: துன்பப்படுகிறவர் கையில் தாளைக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1927 முதல் நடந்துவருகிற, இப்போது மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமையில் வரும் உலக ஜெப நாளுக்கு, ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுகிறார்கள். மற்ற நாடுகள் அதைத் தம் பாஷையில் சொல்கின்றன. ‘அவர்கள்’ எழுதிய ‘எங்கள்’-ஐ நாம் வாயால் சொல்ல நேர்கிறது. 2024-ல் எழுதியவர்கள் பாலஸ்தீனப் பெண்கள். காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த மார்ச் 1-ந் தேதி அது சொல்லப்பட்டது. ஜெர்மனியில் அந்த முறையின் மேல் சர்ச்சை எழுந்து, அங்குள்ள குழு திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது. ஜெர்மானியரின் தயக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கவனிக்க வேண்டியது இதுதான்: துன்பப்படுகிறவர்களுக்காக வேண்டிக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் வரவில்லை, அவர்களுடைய வாக்கியத்தை அப்படியே சொல்வதில்தான் வந்தது.

தென்னிந்தியத் திருச்சபையின் 1950 முறையில் மன்றாட்டுக்குப் பிறகு சமாதானம் கொடுத்தல் வருகிறது. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, பீடத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரைக்கும் போக வேண்டும். சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது. இதே மதுரையில் 1847-ல் அமெரிக்க மிஷன் தன் உபதேசியார்களிடம் எல்லோரோடும் சேர்ந்து உண்ணும்படி கேட்டபோது, வேலையை விட்டாலும் விடுவேன், சாதியை விடமாட்டேன் என்று வெளியேறியவர்கள் உண்டு. உலகத்துக்காக மன்றாட அவர்களுக்குத் தடையிருந்திருக்காது. பக்கத்துக் கைதான் தடை. 1950-ல் முறையை அமைத்தவர்கள் தூரத்து ஜனங்களுக்கான மன்றாட்டு முடிந்த கையோடு பக்கத்துக் கையை வைத்தார்கள். முதல் வாக்கியத்தின் உண்மையை அடுத்த செய்கை பரிசோதிக்கட்டும் என்ற விவேகம் இதில் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கவிதைப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? நம் புதுக்கவிதை ‘நான்’-ஐக் கண்டுபிடித்தது. அது தேவையான காரியம். பிறகு வந்தவர்கள் ‘அவர்கள்’-ஐக் கண்டுபிடித்தார்கள்: உழைப்பவர், ஒடுக்கப்பட்டவர், துன்புறுவோர். கோவில் மன்றாட்டின் அதே நோய், அதே ஆட்பெயரற்ற பெயர்கள், அதே மோனை. மேடைக் கவிதைக்கும் மைக்கில் வாசிக்கிற நான்காவது மன்றாட்டுக்கும் வித்தியாசம் ஆமென் மட்டுமே. ‘எங்கள்’ என்று சொல்லும் தைரியமும், அதற்குள் யாரைச் சேர்த்திருக்கிறோம் என்று பெயர் பெயராகச் சொல்லும் நாணயமும் நம் கவிதையில் இன்னும் வரவில்லை. எதிரியின் தூக்கத்தையும் தன் பாக்கியையும் ஒரே மூச்சில் கேட்க ஓர் இடைச்சொல் தமிழில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவள் வாசிப்பவள் அல்ல. நாம் வாசிக்கிறவர்கள்.